காங்கமாகஸ் ஹைவே 4.7

எங்கள் வீட்டு கார் ஷெட்டில், பொன்னி அரிசி மூட்டைக்கும் பனி அள்ளும் மண்வெட்டிக்கும் நடுவே ஒரு பழைய மரப்பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரண்டேகால் அடி நீளம், ஒரு சாண் அகலம். அதில் குடைந்திருப்பது இரண்டே வரி. மேலே ‘வில்டர்னஸ் ட்ரெயில்’. கீழே ‘காங்கமாகஸ் ஹைவே 4.7’. பக்கத்தில் ஓர் அம்பு. அந்த அம்பு இப்போது துணி துவைக்கும் மெஷினைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரான நாஷுவாவிலிருந்து, வடக்கே மலைக்குள் ஓடும் காங்கமாகஸ் ஹைவேக்குக் கிட்டத்தட்ட நூறு மைல். 4.7 என்று பலகை அடம்பிடிக்கிறது.

அதில் எனக்கு ஒன்பதில் ஒரு பங்கு.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயருக்கு வேலை மாற்றலில் வந்தபோது எனக்கு மலை என்றால் பழனிப் படிக்கட்டுதான். இங்கே வடக்கே ஒயிட் மவுண்டன்ஸ் என்று ஒரு மலைத்தொடர். 4,000 அடிக்கு மேல் 48 சிகரங்கள். அத்தனையும் ஏறி முடித்தவர்களுக்கென்று 1957 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. இமயத்தைப் பார்த்தவர்கள் 4,000 அடியா என்று சிரிக்கலாம். உயரத்தில் ஒன்றுமில்லை, வானிலையில்தான் இருக்கிறது சங்கதி. இருப்பதிலேயே உயரமான மவுண்ட் வாஷிங்டன் 6,288 அடி. 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் காற்று மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்குகிற இடங்களில் வனத்துறை மஞ்சள் பலகை ஒன்றை நட்டிருக்கும். ‘நில்’ என்று தொடங்கும் அது, இதற்கு மேல் அமெரிக்காவிலேயே மோசமான வானிலை, கோடைகாலத்தில்கூட இங்கே பலர் செத்திருக்கிறார்கள், வானிலை சரியில்லை என்றால் இப்போதே திரும்பிப் போ என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். நான் முதல்முறை அதைப் படித்ததும் திரும்பி வந்துவிட்டேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இருந்தாலும்.

அந்தப் பலகைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அன்று நான் திரும்பியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட இறங்கியவர்களுடன்தான் இன்றுவரை சனிக்கிழமைகளில் மலையேறுகிறேன். பெயர்கள் வேண்டாம், தொழிலை வைத்தே சொல்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட இயற்பியல் ஆசிரியர், என் மனதுக்குள் அவர் வாத்தியார். ஒரு வக்கீலம்மா. ஒரு நர்ஸ். பேக்கரி நடத்தும் புருஷன் பெண்டாட்டி. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். ஒரு பிளம்பர். அப்புறம் தேனியிலிருந்து வந்து என்னைப் போலவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். அவன் என்னை அக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன். மற்ற ஏழு பேரும் அதைக் கேட்டுக் கேட்டு, அவனுடைய பெயரே தம்பி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மலையேறுகிறவர்களுக்குப் பலகை மேல் ஒரு பைத்தியம் உண்டு. நாள் முழுக்க வேர்களையும் கற்களையும் பார்த்துக் குனிந்தே நடக்கிறவனுக்கு, மனிதன் எழுதிய எழுத்து என்று கண்ணில் படுவது அது ஒன்றுதான். கால் மைல் என்று அது சொன்னால் உயிர் வரும். இரண்டு மைல் என்றால் அதையே திட்டுவோம். நம் ஊரில் இதற்குக் கைகாட்டி என்று அழகான பெயர் உண்டு. அவிநாசிப் பக்கம் கைகாட்டிப்புதூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கம்பம் போனாலும் பெயர் நின்றுவிடும். இந்த மலையில் நேர்மாறு. பாதை போய்விடும், கைகாட்டி மட்டும் யார் வீட்டுச் சுவரிலோ மாட்டியிருக்கும்.

எப்படி அங்கே போகிறது? வாத்தியார் கல்லூரியில் படித்த காலத்தில், கோடை விடுமுறைகளில் பாதை பராமரிக்கும் குழுவில் வேலை செய்தவர். விழுந்த மரத்தை அறுப்பது, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுவது, உளுத்த பலகையைக் கழற்றிப் புதியதை முடுக்குவது. கழற்றியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பாதி அடுப்புக்குப் போகும். நல்லதாக இருந்தால் யாராவது பையில் கட்டிக்கொண்டு இறங்குவான். யாரும் கேட்கமாட்டார்கள்” என்றார். அதாவது இன்று ஏலத்துக்கு வருகிற பலகைகளில் ஒரு பகுதி அடுப்புக்குத் தப்பியவை. இன்னொரு பகுதி ராத்திரியில் ஸ்பேனரோடு வந்தவன் கழற்றியது. கணினித் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விற்கிறவர் இரண்டுக்கும் ஒரே கதைதான் எழுதுவார்: பழைய கொட்டகையில் கிடந்தது.

எங்கள் கதை ஆரம்பித்தது வேறொரு பலகையில். மவுண்ட் வாஷிங்டன் தோளில், மரங்களே இல்லாத வெட்டவெளியில் ‘லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ்’ என்று ஒரு மலைக்குடில் இருக்கிறது. 1915-இல் கட்டியது. அந்தப் பெயர் பொறித்த பலகை ஒன்று ஏலத்துக்கு வந்திருப்பதாக நர்ஸ் வாட்ஸ்அப்பில் படம் போட்டார். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். ஒருவராக வாங்க யாருக்கும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. சேர்ந்து வாங்கலாம் என்று பேக்கரிக்காரர் சொன்னார். ஆளுக்கு 45 டாலர், எட்டுப் பேர், 360. பிளம்பர் மட்டும் ‘மரக்கட்டைக்குக் காசா’ என்று ஒதுங்கிக்கொண்டார்.

தம்பி எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினான்: “அக்கா, இது ஏலச்சீட்டுதானே?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கணக்கு எழுதவும் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் அம்மா தெருவில் இருபது வருஷம் சீட்டு நடத்தியவர் என்று நான் என்றோ சொல்லியிருந்ததுதான் காரணம். அம்மா பயன்படுத்திய அதே மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கி, எட்டுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் கோடு போட்டு டிக் அடித்தேன். ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டு, நோட்டில் டிக் விழுந்ததா என்று படம் கேட்டார்கள்.

வக்கீலம்மா மட்டும், சேர்ந்து வாங்குவதற்கும் சேர்ந்து ஏமாற்றுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று ஆரம்பித்தார். பழம்பொருள் வியாபாரிகள் ஏலத்தில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டு, அடிமாட்டு விலைக்கு எடுத்து, பிறகு தங்களுக்குள் ஒரு ரகசிய ஏலம் விட்டுப் பங்கு பிரிப்பார்களாம். பிரிட்டன் அதைத் தடுக்க 1927-லேயே சட்டம் போட்டது. அமெரிக்காவில், போட்டியை ஒழிப்பதைத் தடுக்கும் சட்டத்தில் மாட்டுவார்கள். எங்களுடையது அந்த ரகமில்லை, ஒரே பொருளை ஒரே பெயரில் வாங்கி ஒன்றாக வைத்துக்கொள்ளப் போகிறோம், அதனால் பரவாயில்லை என்றார். யாரும் கவலைப்படவில்லை. ஆனால் போட்டி போடாமலிருப்பதைப் பற்றி அவர் சொன்னதை இன்னொருவரும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இணைய ஏலம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: உங்கள் உச்சவரம்பை நீங்கள் எழுதிவிட வேண்டும். அதை யாருக்கும் காட்டாமல், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மட்டும் அதிகமாக உங்கள் சார்பில் இயந்திரமே கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பேர் வெறியோடு இருந்தால் விலை ஒரே நொடியில் எகிறும். ஞாயிறு ராத்திரி 9.14-க்கு ஏலம் முடிகிறது. 9.12 வரை 90 டாலரில் இருந்தது. தம்பி எங்கள் 360-ஐ உள்ளே போட்டான். ‘நீங்கள்தான் முன்னிலை’ என்று வந்தது. அடுத்த நிமிடம் 120. 200. 355. எல்லாமே ஒரே ஆள் அடிக்கிறான். நாங்கள் இன்னும் முன்னிலையில்தான் இருந்தோம், ஆனால் மூச்சு விட 5 டாலர்தான் மிச்சம். கடைசி நான்கு நொடியில் வேறு யாரோ உள்ளே குதித்து 365-க்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எட்டுப் பேரும் அந்த இடையில் வந்த ஆளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். அப்போது பிளம்பரிடமிருந்து ஒரு மெசேஜ்: “எவனோ ஒரு கிறுக்கன் 350 வரை விடாமல் என்னோடு மல்லுக்கு நின்றான். நீங்கள்தானா அது?”

மரக்கட்டைக்குக் காசா என்று கேட்டவர் தனியாகப் போய் ஏறியிருக்கிறார். பங்காளிச் சண்டை என்பது பங்கு போடாதவனோடும் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாத்தியார் வழக்கம்போல அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். 365 வரை போகத் தயாராக வந்தவன் எங்கள் 360-ஐ எப்படியும் தாண்டியிருப்பான். பிளம்பர் இல்லாமலிருந்தாலும் தோற்றிருப்போம். இதில் லாபம் விற்றவருக்குக்கூட இல்லை. கணக்கு சரிதான், ஆனால் ஒருவருக்கும் ஆறவில்லை. பிளம்பர் மறுநாள் ஒன்பதாவது ஆளாகச் சேர்ந்தார். அதே 360-ஐ ஒன்பதால் வகுத்தால் 40. பழைய எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 5 டாலர் திருப்பிக் கொடுத்தேன். சீட்டில் கழிவு வந்த மாதிரி நர்ஸ் சந்தோஷப்பட்டார்.

இரண்டு மாதம் கழித்து இந்தப் பலகை வந்தது. கனெக்டிகட்டில் யாரோ, இறந்துபோன அப்பாவின் வீட்டைக் காலி செய்கிறார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே விதி: தம்பியைத் தவிர யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. 187.50-க்கு முடிந்தது. அனுப்பும் செலவு 31. மொத்தம் 218.50. நோட்டில் எழுதி, மீதி 141.50 என்று அடிக்கோடு போட்டேன்.

பார்சல் என்று வந்தது கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, டேப்பால் இறுக்கிய ஒரு பிணம் மாதிரி இருந்தது. பிரித்ததும் ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இதுக்கா இருநூறு டாலர்?” என்று கேட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார். எனக்கு விரலை எடுக்க முடியவில்லை. ஒரே பலகை, ஒட்டு வேலை இல்லை. எழுத்துகளை, மரத்தில் பள்ளம் போடும் ரூட்டர் மெஷினைக் கையில் பிடித்துக் குடைந்திருக்கிறார்கள். வரி கோணாமலிருக்க இழுத்த பென்சில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. வில்டர்னஸ் என்ற சொல்லின் கடைசியில் வருகிற இரண்டு ‘எஸ்’களில் இரண்டாவது கொஞ்சம் படுத்திருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குடைந்த எழுத்து போல. பழுப்பு வண்ணம் வெளியே உரிந்துவிட்டது, பள்ளத்துக்குள் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது மூலையில் நான்கு குழி. கரடிப் பல். கரடிகளுக்கு இந்தப் பலகைகள் மேல் அப்படி என்ன கோபமோ, மலையில் பல பலகைகள் இப்படித்தான் கடிபட்டு நிற்கும். முள்ளம்பன்றிக்குப் பிளைவுட் பிடிக்கும், ஒட்டுப் பசைக்காகத் தின்னும். இது முழுமரம், அதனால் அது தொடவில்லை.

பிளம்பர் வந்து பார்த்தது ஓட்டைகளை. இரண்டு ஓட்டை, இரண்டும் உருண்டையாக, விளிம்பு பிளக்காமல். சுற்றிலும் வாஷர் உட்கார்ந்த இடத்தில் மட்டும் மரம் வெளுக்காமல் வட்டமாக இருந்தது. “அவசரமில்லாமல், சரியான ஸ்பேனரை வைத்து, நின்று கழற்றியிருக்கிறான்” என்றார். வேலைக்காரன் கழற்றியதா, பொறுமையான திருடன் கழற்றியதா என்று ஓட்டை சொல்லாது.

இந்தப் பலகை நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வாத்தியாருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெமிஜிவாசெட் ஆற்றின் கிழக்குக் கிளை ஓடுகிற பள்ளத்தாக்கு அது. ஜே. இ. ஹென்றி என்ற மரவியாபாரி 1893-இல் லிங்கன் என்ற ஊரிலிருந்து உள்ளே ரயில் பாதை போட ஆரம்பித்தார். ஒரு மலை விடாமல் மொட்டையடித்தார்கள். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து கிடந்து, 1907-இல் பெரிய தீ பிடித்தது. இப்படிப்பட்ட அழிவுகளைப் பார்த்த பிறகுதான், கிழக்கு மாநிலங்களில் மத்திய அரசு காடுகளை விலைக்கு வாங்கலாம் என்று 1911-இல் வீக்ஸ் சட்டம் வந்தது. 1918-இல் ஒயிட் மவுண்டன் தேசிய வனம் பிறந்தது. ஆனாலும் அந்த ரயில் 1948 வரை மரம் சுமந்து ஓடியது. அப்புறம் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, அதே தடத்தை நடைபாதையாக்கி, அதற்கு வைத்த பெயர்தான் வில்டர்னஸ் ட்ரெயில். மனிதன் கால் படாத காடு என்ற பொருளில் வருகிற சொல், ரயில் ஓடிய பாதைக்கு. 1984-இல் அந்தப் பகுதியில் 45,000 ஏக்கரைச் சட்டப்படியே வனாந்தரம் என்று அறிவித்தார்கள்.

வனாந்தரம் என்றால் மனிதன் கட்டியது கூடியவரை இருக்கக்கூடாது. மரங்களில் வண்ணக் குறி புதுப்பிக்கமாட்டார்கள், பலகைகளும் குறைவு. இதே பாதையில் ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு பாலம் இருந்தது. பழுதாகிவிட்டது, வனாந்தரத்துக்கு ஒவ்வாது என்று 2009-இல் அதை எடுத்துவிட்டார்கள். நடக்கிறவர்கள் எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பாலம் போனதும் அது வரை போன பாதையையும் மூடினார்கள். மூடிய பகுதி தொடங்கிய இடம்தான், ஹைவேயிலிருந்து சரியாக 4.7 மைலில், பாண்ட்கிளிஃப் மலைக்கு ஏறும் பாதை பிரிந்த முச்சந்தி. இப்போது நேராகப் போகும் வழி கிடையாது. முச்சந்தி வெறும் திருப்பமாகிவிட்டது. எங்கள் பலகை நின்றது அங்கேதான். அதற்குத் திரும்பிப் போக இடமில்லை.

இங்கேதான் வக்கீலம்மாவின் இரண்டாவது வகுப்பு. தேசிய வனத்திலிருந்து அரசுப் பொருளை எடுப்பது குற்றம். மதிப்பு 1,000 டாலருக்குள் என்றால் சிறு குற்றம், அவ்வளவுதான் வித்தியாசம். அரசு முறையாகக் கழித்துவிட்டாலோ விற்றாலோ கொடுத்தாலோ சரி. இல்லையென்றால், எத்தனை வருடம் யார் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் அது அரசுடையதுதான். 1876-இல் தொடங்கிய அப்பலேச்சியன் மவுண்டன் கிளப் மாதிரியான சங்கங்கள் தங்கள் பாதைகளுக்குத் தாங்களே வைத்த பலகைகள் வேறு கணக்கு. இது அப்படியில்லை.

“அப்படியானால் நாம் வாங்கியது?” என்று நர்ஸ் கேட்டார்.

“218 டாலர் கொடுத்து, அரசாங்கத்தின் கட்டை ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பை வாங்கியிருக்கிறோம்” என்றார்.

எனக்கு அப்போது பத்தூர் நடராஜர் ஞாபகம் வந்தார். 1976-இல் தஞ்சைப் பக்கம் பூமிக்குள்ளிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு, லண்டன் வரை போய், கோயில் சார்பில் வழக்காடி 1991-இல் ஊர் திரும்பியவர். அங்கேயும் வாங்கியவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார், தெரியாமல் வாங்கினேன் என்றுதான் சொன்னார். பொருள் எந்த மண்ணுக்குச் சொந்தமோ அந்த மண்ணுக்கே என்று முடிந்தது. கரடி கடித்த பலகையை நடராஜரோடு ஒப்பிட்டால் அடிக்க வருவீர்கள். குழுவில் இதைச் சொன்னபோது யாரும் அடிக்க வரவில்லை, தம்பி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

யார் எங்கே வைப்பது என்று மூன்று வாரம் பேசினோம். மாதத்துக்கு ஒரு வீடு என்றார் நூலகக்காரர். பென்சில்வேனியாவில், பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காவின் பழைய மாவரவை ஆலை ஒன்றில் 2010 முதல் அப்பலேச்சியன் ட்ரெயில் என்ற நெடுந்தூர நடைபாதைக்கென்று ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. அந்தப் பாதையை முதன்முதலில் ஒரே மூச்சாக நடந்து முடித்த ஏர்ல் ஷாஃபர் கட்டிய மரக்குடிலையே அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அங்கே கொடுக்கலாம் என்றார் வாத்தியார், ஆனால் எங்கள் பாதைக்கும் அந்தப் பாதைக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பேக்கரிக்காரம்மாதான், “எங்கே வைப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு தடவை அதை அது இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம்” என்றார். கூட்டிக்கொண்டு போவோம் என்றேதான் சொன்னார்.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை போனோம். இலையெல்லாம் கொட்டி, கூட்டம் ஓய்ந்துவிட்ட நேரம். பாதை சமமானது, நேரானது, பாதி தூரத்துக்கு மேல் அகலமும்கூட. ஆனால் பழைய ரயிலின் மரக்கட்டைகள் இன்னும் மண்ணில் புதைந்து கிடக்கின்றன. அந்த இடைவெளி ஒரு எட்டுக்குக் குறைவு, இரண்டு இடைவெளி சேர்த்தால் ஒரு எட்டுக்கு அதிகம். எப்படி நடந்தாலும் நொண்டுகிற மாதிரி இருக்கும். பிளம்பரும் தம்பியும் ஆளுக்கொரு முனையாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரே தாளத்தில் நொண்டினார்கள். பின்னால் நாங்கள் ஏழு பேர். எனக்கு எங்கள் ஊர் சப்பரம் ஞாபகம் வந்தது.

2.9 மைலில் பிராங்கோனியா ஓடைப் பாலம். அதைத் தாண்டினால் வனாந்தரம். அங்கங்கே துருப்பிடித்த இரும்பு கிடக்கிறது, மரவெட்டி முகாம்களில் மிஞ்சியது. பழைய பொருள், எடுக்கக்கூடாது என்பதால் நூறு வருடமாக அப்படியே கிடக்கிறது. அடுப்புத் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு நாங்கள் தூக்கி வருகிற பலகையைப் பார்த்தேன். பேசாமல் நடந்தேன்.

முச்சந்தியாக இருந்த இடம் ஒரு சின்னத் திறப்பு. பதினாறாம் எண் முகாம் என்று ஒரு காலத்தில் மரவெட்டிகள் தங்கியது அங்கேதான். வாத்தியார் அங்கும் இங்கும் நடந்தார், ஒரு பிர்ச் மரத்துக்குப் பக்கத்தில் நின்றார். “இங்கே. இந்த உயரம்” என்று நெஞ்சுக்கு நேரே கையை வைத்தார். பிளம்பர் பலகையைத் தூக்கி அந்த உயரத்தில் பிடித்தார். அம்பு, வந்த வழியைச் சரியாகக் காட்டியது. நாற்பது சொச்சம் வருடம் முன்னால் அந்த இடத்தில் நின்ற பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி படம் எடுத்தான். பிளம்பரின் கை நடுங்க ஆரம்பித்ததும் இறக்கினோம். கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தேன். அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

திரும்பும்போதுதான் வம்பு. ஒன்பது பேர், காட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறோம், முன்னால் இரண்டு ஆண்கள் வனத்துறைப் பலகையைத் தூக்கிக்கொண்டு. எதிரில் வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒன்பது பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. முதலில் வந்த இளம் ஜோடி முறைத்துவிட்டுப் போனது. இரண்டாவதாக வந்த பெரியம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் இரண்டு ஊன்றுகோல், பாதையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

“இதை எங்கே கொண்டுபோகிறீர்கள்?”

“அக்கா, மாட்டிக்கிட்டோம்” என்று தம்பி தமிழில் முனகினான்.

நான் முன்னால் போய் விளக்கினேன். இப்போது கழற்றவில்லை, பழையது, ஏலத்தில் வாங்கினோம், இடத்தைப் பார்க்கக் கொண்டுவந்தோம். போனில் இருந்த ரசீதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நீங்கள் திருடவில்லை, சரி. திருடியவனிடமிருந்து வாங்கியிருக்கிறீர்களா?”

“தெரியாது” என்றேன்.

“218 டாலரா?” பலகையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கள் இவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால், நானே ஸ்பேனரோடு வந்திருப்பேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வழியும் விட்டார். மிச்சம் இரண்டு மைலும் பலகை போர்வைக்குள் போனது. நர்ஸ் தன் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுற்றினார்.

லிங்கனில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து காபி சொன்னோம். பெரியம்மா பேசியதை யாரும் எடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். தனியாக நான் வாங்கியிருந்தால் இந்நேரம் ஹாலில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர்களிடம் கரடிப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். இத்தனை கேள்வி வந்திருக்காது. ஒன்பது பேர் பணம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பேச வேண்டியிருந்தது, பேசப் பேச மாட்ட முடியாமல் போய்விட்டது. வாத்தியார் விடுகிற தொனியில் இல்லை. “நான் பார்த்தவை அடுப்புக்குத்தான் போயின. எரிந்திருக்க வேண்டியதை நாம் காப்பாற்றியிருக்கலாம்” என்றார். இருக்கலாம். அதே 187.50 நாளைக்கு இன்னொருவனுக்கு ஆசை காட்டவும் செய்யலாம். நான் இரண்டாவது பக்கம்தான். பாதையில் நிற்கிற ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விலை இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர்களில் நாங்களும் ஒன்பது பேர்.

காம்ப்டனில் இருக்கிற வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டோம். ஏழுக்கு இரண்டு. வாத்தியாரும் பிளம்பரும் வேண்டாம் என்றார்கள். வக்கீலம்மா கடிதம் எழுதி வைத்திருக்கிறார், எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினோம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய காரில் போகிறது. அதுவரை என் கார் ஷெட். மகள் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தப் படுத்த ‘எஸ்’ஸுக்குள் விரலை விட்டு ஓட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள்.

மீதி 141.50 என்னிடம் இருக்கிறது. பாதை ஒன்றைத் தத்தெடுத்துப் பராமரிக்கும் திட்டம் இங்கே உண்டு, வருடத்துக்குச் சில முறை போய் வாய்க்கால் தூர்வாரி, புதர் வெட்ட வேண்டும். அதற்குக் கத்தரியும் மண்வெட்டியும் வாங்கலாம் என்கிறார் பிளம்பர். ஓட்டில் தோற்றவர் சொன்னது என்பதால் உடனே ஒத்துக்கொண்டோம்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குத் தம்பி குழுவில் ஒரு இணைப்பைப் போட்டான். இன்னொரு பலகை. ஆரம்ப விலை 25. பழைய கொட்டகையில் கிடந்ததாம். மூன்று படம். ஒருவரும் இதயம் போடவில்லை. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையின் பின்னால் கம்பத்தின் துண்டு ஒன்று போல்ட்டோடு அப்படியே ஒட்டியிருந்தது. ரம்பம் போட்ட வாய் வெள்ளையாக, ஈரம்கூடக் காயாத மாதிரி இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து வக்கீலம்மா எழுதினார்: “மூன்று படத்தையும் யாராவது சேமித்து வையுங்கள். விற்பவர் எந்த ஊர் என்று போட்டிருக்கிறது?”